ஸ்பிரிட்டில் ஓடும் எஞ்சின்

கல்லருவித் தோட்டம், கீழ்ப்பிரிவு,
ஹாலிஎல.
09.06.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி கிருபாகரன் எழுதிக்கொள்வது. நான் சுகமா இருக்கேன். நீங்க, மச்சான், என் மக றொஷேல் எல்லாரும் மொனராகலை வெயில்ல கருகிப் போகாம சுகமா இருப்பீங்கனு நம்புறேன்.

முதல்ல கையெழுத்தைப் பாருங்க அக்கா. நேரா இருக்கா? "போன் எடுக்காத, எழுது. குடிச்சவனை அவன் கையே காட்டிக் குடுத்துரும்"னு சொல்லி என் நம்பரை பிளாக் பண்ணினீங்க. ஊர்ல எல்லாரும் டுபாய்ல இருக்கிற தம்பியோட மூஞ்சி பார்த்துக் கதைக்கிறாங்க. எங்க அக்காவுக்கு மட்டும் முத்திரை ஒட்டணும். பரவாயில்ல, ஒட்டுறேன். போன வருஷம் ஈஸ்டர்ல பாதர் முன்னால சொன்ன சொல்லு இன்னும் நிக்குது. ஒரு சொட்டு தொடல.

நீங்க குடுத்த வாக்கும் ஞாபகம் இருக்குமே. நான் ஒழுங்கா இருந்தா ஆறாம் வகுப்புக்கு றொஷேலைத் திருப்பி எங்கிட்ட அனுப்புறதா சொன்னீங்க. ஐஞ்சாம் வகுப்புச் சோதனை முடிஞ்சதும் பதுளையில பள்ளிக்கூடம் பார்க்கிறேன். லயத்துக் காம்பராவுக்குச் சுண்ணாம்பு அடிச்சாச்சு. அவ அம்மா படத்துக்குக் கண்ணாடி மாத்தியாச்சு.

இன்னொரு சேதி. அவளுக்கு ஒரு எஞ்சின் செய்யிறேன். சின்னதுல ஸ்டேஷனுக்குத் தூக்கிட்டுப் போனா, டீசல் எஞ்சினைப் பார்த்து "இதுல நெருப்பு எங்கப்பா"னு கேட்டு அழுவா. நெருப்புல ஓடுற எஞ்சின் அப்பா செஞ்சு தாறேன்னு அப்பவே சொன்னேன். முழங்கை நீளம்தான் வரும். ஆனா பொம்மை இல்ல. உள்ள தண்ணி கொதிச்சு, நீராவியில தானே ஓடும். ஃபேக்டரி பொய்லரை மேய்க்கிறவனுக்கு இது பெரிய வேலையா? லேத் வேலைக்குப் பதுளையில மொஹிதீன் நானா கடை இருக்கு. அவளுக்குச் சொல்லுங்க.

அன்புத் தம்பி,
கிருபாகரன்


மொனராகலை
20.06.2024

தம்பி கிருபாவுக்கு,

அக்கா நேசராணி எழுதுவது. ஆண்டவர் தயவுல இங்க எல்லாரும் இருக்கோம். மச்சானுக்கு முழங்கால் வலி, கடைக்குப் போய் உட்கார்ந்தா எழும்ப ஆள் வேணும். எனக்குக் கண்ணுல பூ விழுந்திருக்குனு டாக்டர் சொல்லிட்டாரு. பெருசா எழுதுறது முடியுது, உன் பொடி எழுத்தை வாசிக்கிறதுதான் முடியல. உன் கடிதத்தை றொஷேல்தான் வாசிச்சுக் காட்டுறா. எழுத்து நேரா இருக்கானு பார்த்துச் சொல்றதும் அவதான். நேராத்தான் இருக்காம்.

சோதனைக்கு நல்லாப் படிக்கிறா. சாப்பாடுதான் கொஞ்சம் குறைவு. எஞ்சின் சேதியை வாசிச்சா, சிரிச்சா. அதோட நிப்பாட்டிக்கிறேன், வாக்கை நான் மறக்கல. நீ கோயிலுக்குப் போறதை விடாத. குளிர்ல நெஞ்சைத் திறந்து போட்டுக்கிட்டு நிக்காத.

அக்கா,
நேசராணி


கல்லருவித் தோட்டம்
30.06.2024

அன்புள்ள அக்காவுக்கும், இதை வாசிச்சுக் காட்டுற என் தங்கத்துக்கும்,

நான் சுகம். சிரிச்சானு எழுதியிருந்தீங்க. அது போதும், ரெண்டு நாளா எனக்குப் பசியே இல்ல. மச்சான் முழங்காலுக்கு நல்லெண்ணெய் காய்ச்சித் தடவச் சொல்லுங்க.

பொய்லர் முடிஞ்சுது. தடிச்ச செம்புக் குழாய், ரெண்டு பக்கமும் செம்புத் தகடு. ஈயத்தால ஒட்டினா சூட்டுல உருகி வாயைப் பொளந்துரும். அதால நகைக்கடை பத்தர்கிட்ட வெங்காரம் போட்டு வெள்ளிப் பத்து வெச்சேன். முழுக்கத் தண்ணி நிரப்பி, பம்புல அடிச்சு, ஓடுறப்போ வர்ற அழுத்தத்தைப் போல ரெண்டு மடங்கு ஏத்திப் பார்த்தேன். ஒரு துளி கசியல. சேப்டி வால்வு பட்டாணி அளவு, உள்ள குண்டும் ஸ்பிரிங்கும். அழுத்தம் கூடினா ‘உஸ்’னு தானே திறந்து விட்டுரும். பிள்ளை கையில குடுக்கிற சாமான், அதுல நான் விளையாட மாட்டேன்.

தலைவலி எதுல தெரியுமா? எரிபொருள்ல. மண்ணெண்ணெய் ஊத்திப் பார்த்தேன், புகை அப்பி எஞ்சின் கரிச்சட்டி ஆயிட்டுது. கரியைப் பொடிச்சுப் போட்டா ஊதிக்கிட்டே இருக்கணும், நிப்பாட்டினா அணையுது. கடைசியா ஸ்பிரிட்டுக்கு வந்தேன். அக்கா, என்ன அழகான நெருப்பு. நீலமா, சத்தமில்லாம, கொஞ்சமும் கரி இல்லாம. மூணு திரி வெச்ச அடுப்பு ஒண்ணு செஞ்சு பொய்லருக்கு அடியில செருகியிருக்கேன். பதுளையில மேசை கதிரைக்குப் பொலிஷ் அடிக்கிறவன்கிட்ட ரெண்டு போத்தல் ஸ்பிரிட் வாங்கினேன். ஸ்பிரிட்னதும் புருவத்தைத் தூக்காதீங்க, அது எஞ்சின் குடிக்கிறது.

அன்புத் தம்பி,
கிருபாகரன்


மொனராகலை
04.08.2024

தம்பி கிருபாவுக்கு,

பதில் பிந்தினதுக்குக் கோவிக்காத. நாங்க இருக்கோம். நீ சுகமா இருக்கணும்னு ஒவ்வொரு பூசையிலயும் கேக்கிறேன். இங்க மழை இல்ல, கிணத்துல தண்ணி அடியில கிடக்கு.

றொஷேலுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல. தூக்கம்தான் சரியில்ல. சோதனைப் பயமா இருக்கும்னு டீச்சர் சொல்றாங்க. 

உன்கிட்ட ஒண்ணு கேக்கிறேன். அந்த எஞ்சின் வேற எதுலயும் ஓடாதா? கடையில கையடக்கமா காஸ் டின் விக்கிறாங்களே, அதுல ஓடாதா? முடிஞ்சா மாத்திரு தம்பி. மாத்தாட்டியும் அந்தச் சாமானோட பேரைக் கடிதத்துல எழுதாத. ஏன்னு என்னைக் கேக்காத. அக்கா ஒண்ணு கேட்டானு செய்யி.

அக்கா,
நேசராணி


கல்லருவித் தோட்டம்
11.08.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உங்க கண்ணுக்கு ஆபரேஷன் திகதி குடுத்தாங்களா? றொஷேலுக்குப் படுக்கப் போகுமுன்ன சுடுபால் குடுங்க.

நல்ல கதை. உலகமெல்லாம் சின்ன எஞ்சினை ஸ்பிரிட்டுல ஓட்டுறான், எங்க அக்காவுக்கு மட்டும் அந்தப் பேரே ஆகாது. காஸ்ல ஓடாதானு கேட்டீங்க. ஓடும். அதுக்குத் தனி டேங்க் வேணும், மயிர் நுழையிற ஓட்டையோட ஜெட் வேணும், நம்ம குளிர்ல காஸ் சுருண்டு படுத்துரும். மொஹிதீன் நானாவும் ஒரு பழைய காஸ் பேர்னரை எடுத்துக் காட்டி, "இதைப் போடு கிருபா, பிள்ளை இருக்கிற வீடு"னு சொன்னாரு. வேணாம்னுட்டேன். மூணு திரி அடுப்பு என் கையால செஞ்சது, அதைக் கழட்டுறதுக்கு நான் ஆள் இல்ல. இன்னும் என்னை நம்பலைனா நேராவே சொல்லுங்களேன், காஸ் டின்னைக் காட்டிச் சுத்தி வளைக்காம.

நீங்க சந்தேகப்படக்கூடாதுனு எல்லாத்தையும் திறந்தே எழுதுறேன். பக்கத்துக் காம்பரா வீரய்யா அண்ணன் மூக்கு பொல்லாதது, ஸ்பிரிட் போத்தலைக் கண்டா தண்ணி கலந்து குடிச்சுட்டுச் செத்து வெப்பாரு. அதனால எஞ்சினையும் போத்தலையும் வீட்டுல வெக்கல. பின்னால காலியாக் கிடக்கிற கோழிக்கூட்டுக்குப் பூட்டுப் போட்டு, உள்ள சாக்குக்கு அடியில வெச்சிருக்கேன். உங்களைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. இப்போ நிம்மதியா?

எண்ணெய்க் கிண்ணம் பூட்டியாச்சு. நீராவி அதுக்குள்ள போய்த் தண்ணியா மாறி அடியில இறங்கும், எண்ணெய் மேல வந்து சிலிண்டருக்கு ஓடும். றொஷேலுக்கு இதை ரெண்டு தடவை வாசிக்கச் சொல்லுங்க, விளங்கும்.

தம்பி,
கிருபாகரன்


கல்லருவித் தோட்டம்
15.09.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். ஒரு மாசமா உங்க கையெழுத்தைக் காணல. கண்ணா, கோவமா? இன்னிக்குச் சோதனை, பிள்ளை எழுதியிருப்பா. காலையில கோயில்ல அவளுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன்.

எஞ்சின் ஓடிட்டுது அக்கா! நேத்து ஃபேக்டரி விட்டு வந்து, லயத்து முத்தத்துல தகட்டுத் தண்டவாளத்தை வட்டமாப் போட்டேன். மழைத் தண்ணிதான் ஊத்தினேன், கிணத்துத் தண்ணியில உப்புப் படியும். திரியைக் கொளுத்தினேன். பகல் வெளிச்சத்துல அந்த நெருப்பு கண்ணுக்கே தெரியாது, கையைக் கிட்டக் கொண்டு போனாத்தான் தெரியும். கேஜ் முள்ளு மெதுவா எழும்பிச்சு. லேசாத் தள்ளிவிட்டேன், ரெண்டு தடவை தண்ணியைத் துப்பிட்டு, அப்புறம் தன் பாட்டுக்குப் போக ஆரம்பிச்சுட்டுது. வீரய்யா அண்ணன் தொப்பியைக் கழட்டிட்டு நின்னாரு. நான் அழுதேன், மறைக்க என்ன இருக்கு.

நவம்பர் கல்லறைத் திருநாளுக்கு நான் அங்க வாறேன். அவளைக் கூட்டிட்டு வந்து அம்மா கல்லறைக்குப் போயிட்டு, அப்படியே வெச்சுக்கிறேன். அவ உடுப்பெல்லாம் தயாரா வையுங்க.

தம்பி,
கிருபாகரன்


கல்லருவித் தோட்டம்
20.10.2024

அக்காவுக்கு,

சுகம் விசாரிக்க இந்தத் தடவை மனசு வரல.

போன கிழமை பொலிஸ் வந்திச்சு. நான் ஃபேக்டரியில ட்ரையருக்குக் கீழ படுத்து ரிப்பேர் பார்த்துக்கிட்டு இருந்தேன். வெளிய கூப்பிட்டாங்க. கொழுந்து நிறுக்க வந்த அத்தனை பேரும் பார்க்க லயத்துக்குக் கூட்டிட்டு வந்தாங்க. வீட்டுக்குள்ள எட்டிக்கூடப் பார்க்கல. நேராக் கோழிக்கூட்டுக்குப் போனாங்க. சாக்கைத் தூக்கினாங்க.

செம்புப் பானை, செம்புக் குழாய், வால்வு, ரெண்டு போத்தல் ஸ்பிரிட். கசிப்புச் சாராயம் காய்ச்சுறவன்கிட்ட என்னென்ன இருக்கணுமோ எல்லாம் எங்கிட்ட இருந்திச்சு, கசிப்பைத் தவிர. எஞ்சின்னு சொன்னேன். சில்லைச் சுத்திக் காட்டினேன். சிரிச்சாங்க. பொய்லருக்குள்ள என்ன இருக்குனு பார்க்க ஒருத்தன் உளியை வெச்சு அடிச்சான். நான் வெள்ளிப் பத்து வெச்ச இடத்துக்குப் பக்கத்துல, சுண்டுவிரல் போற மாதிரி ஓட்டை.

ஒரு ராத்திரி உள்ள வெச்சுட்டு, மறுநாள் கோர்ட்டுல பிணை. மொஹிதீன் நானா வந்து கையெழுத்துப் போட்டாரு. போத்தலைப் பரிசோதனைக்குக் கொழும்புக்கு அனுப்பியிருக்கு, ரிப்போர்ட் வர மாசக்கணக்காகும். எஞ்சின் சான்றுப் பொருளாம், நம்பர் எழுதின துண்டு கட்டி வெச்சிருக்கு. தோட்டத்துல இப்போ எனக்கு ‘கசிப்பு ஃபிட்டர்’னு பேரு. வழக்கு முடியுறவரைக்கும் பிள்ளை விஷயத்துல தான் பேச முடியாதுனு பாதர் கையை விரிச்சுட்டாரு.

கோழிக்கூடுனு உங்களுக்கு மட்டும்தான் எழுதினேன். வேற ஒரு மனுசனுக்குத் தெரியாது.

நீங்களா அக்கா?

கிருபாகரன்


மொனராகலை
03.11.2024

தம்பி கிருபாவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கு? உள்ள வெச்சப்போ அடிச்சாங்களா? அதை எழுதலியே நீ. சாப்பிடுறியா?

எனக்கு ஒரு கண்ணு ஆபரேஷன் முடிஞ்சுது. உன் கடிதத்தை நானே வாசிச்சேன், அவகிட்டக் குடுக்கல. நேத்துக் கல்லறைத் திருநாளுக்கு றொஷேல் இங்கயே அம்மாவுக்கு மெழுகுதிரி வெச்சா. மச்சான் கடைக்குப் போறதைக் குறைச்சுட்டாரு. மழை பிடிச்சிருக்கு.

வழக்கு முடியட்டும். பிள்ளை இங்கயே ஆறாம் வகுப்புச் சேரட்டும். உனக்கு ஆண்டவர் துணை.

அக்கா,
நேசராணி


கல்லருவித் தோட்டம்
10.11.2024

நேசராணி அவர்களுக்கு,

நான் ஒரு கேள்வி கேட்டேன். நீங்க மழையைப் பத்தி எழுதியிருக்கீங்க.

இப்போ எல்லாம் விளங்குது. எழுது எழுதுனு சொன்னது என்னைத் திருத்த இல்ல, நான் வழுக்கி விழுற நாளைப் பார்த்துக்கிட்டு இருக்கிறதுக்கு. நான் விழலைனதும் நீங்களே தள்ளி விட்டுட்டீங்க. காஸ்ல ஓட்டு, பேரை எழுதாதனு சொன்னதெல்லாம் நாளைக்கு ‘நான் அப்பவே சொன்னேன்’னு சொல்லிக்கத்தான். உங்க வயித்துல ஒண்ணு தங்கலைங்கிறதுக்காக என் வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிட்டீங்களே, அந்தப் பிள்ளை உங்களுக்கு நிலைக்குமா?

எழுத்து நேரா இருக்கானு பார்த்துக்குங்க. நல்லா நிதானத்துலதான் எழுதுறேன்.

கிருபாகரன்


மொனராகலை
24.11.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

றொஷேல் எழுதுவது. நான் சுகம். நீங்களும் சுகமா இருக்க வேணும்.

அத்தைக்குத் தெரியாம எழுதுறேன். கடிதம் வாசிச்சுட்டு அத்தை குசினியில உட்கார்ந்து அழுதாங்க. நான் எடுத்து வாசிச்சேன். அத்தையை ஏசாதீங்க அப்பா. அத்தை ஒண்ணும் செய்யல. நான்தான் செஞ்சேன்.

நவம்பர்ல கூட்டிட்டுப் போக வாறேன்னு நீங்க எழுதின பிறகு, கோழிக்கூடுனு எழுதின பழைய கடிதத்தை எடுத்துட்டுப் போய் எங்க டீச்சர்கிட்டக் காட்டினேன். அப்பா திரும்பக் குடிக்கிறாருனு சொன்னேன். டீச்சர் யாருக்கோ போன் எடுத்தாங்க. பொலிஸ் வரும்னு எனக்குத் தெரியாது. யாராவது வந்து அந்தப் போத்தலை எடுத்துட்டுப் போவாங்கனு நினைச்சேன். அத்தைக்குப் பிறகுதான் தெரியும். அப்பாகிட்டச் சொல்லாத, அவன் உன்னை ஒரு நாளும் வேற மாதிரிப் பார்க்கக் கூடாது, என்னை ஏசினா ஏசட்டும்னு சொன்னாங்க.

எழுத்து நேராத்தான் இருந்திச்சு. ஆனா நீங்க முந்தியும் எல்லாம் நேராத்தான் சொல்லுவீங்க. மண்ணெண்ணெய் வாங்கிட்டு வாறேன்னு சொல்லிட்டு வெளியால பூட்டிட்டுப் போனீங்களே, அம்மா செத்த வருஷம். கரண்ட் இல்ல. நான் கதவைத் தட்டிக்கிட்டே இருந்தேன். விடிஞ்ச பிறகு வந்தீங்க. உங்க மேல அந்த வாசம் இருந்திச்சு. மண்ணெண்ணெய் வாங்கிட்டு வரல.

அதான் எஞ்சின்னு சொன்னதும் நான் நம்பல. ஸ்பிரிட்னு வாசிச்ச நாள்லேருந்து எனக்கு அந்த வாசம் வந்துக்கிட்டே இருந்திச்சு. வேற எதுலயாவது ஓட்டச் சொல்லி அத்தையை எழுதச் சொன்னதும் நான்தான். நீங்க மாட்டேன்னு எழுதினீங்க.

எஞ்சின் நிஜமா இருந்திச்சுனு பொலிஸ் சொன்னதா டீச்சர் சொன்னாங்க. எனக்கு அது தெரியாம போச்சு அப்பா.

உங்கள் மகள்,
றொஷேல்


கல்லருவித் தோட்டம்
16.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கிருபா எழுதுறேன். நான் இருக்கேன். உங்க மத்தக் கண்ணும் சரியாச்சா? மச்சான் நடக்கிறாரா?

பிள்ளையோட கடிதம் அப்பவே கிடைச்சுது. அவளுக்குப் பதில் எழுத உட்காருவேன், ‘அன்புள்ள மகளுக்கு’னு எழுதுவேன், அதுக்கு மேல கை போகாது. அவ செஞ்சது சரி. அதை மட்டும் அவகிட்டச் சொல்லுங்க. அந்த விடியக்காலை எனக்கு ஞாபகமே இல்ல அக்கா. அதுதான் என்னைக் கொல்லுது. அவ முழுசா ஞாபகம் வெச்சிருக்கா, எனக்குக் கதவுகூட ஞாபகம் இல்ல.

கொழும்பு ரிப்போர்ட் வந்திச்சு, பொலிஷ் ஸ்பிரிட்தானாம். வழக்கைத் தள்ளிட்டாங்க. எஞ்சினைத் துண்டோட திருப்பித் தந்தாங்க. மொஹிதீன் நானா ஓட்டையை அடைச்சுத் தாறேன்னாரு, காஸ் பேர்னரைத் திரும்பவும் எடுத்து வெச்சாரு. நான் அடைக்கல. மூணு திரி அடுப்பை என் கையாலயே கழட்டி ஆத்துல போட்டுட்டேன். ஸ்பிரிட் டேங்கையும் அறுத்து எடுத்தாச்சு. இனி அதுல நெருப்பு வைக்க இடமே இல்ல. கையால தள்ளினா சில்லு மட்டும் ஓடும்.

அதைத்தான் பார்சல்ல அனுப்புறேன். சவுக்காரம் போட்டுக் கழுவி, வெயில்ல வெச்சு, திரும்பக் கழுவினேன். எனக்கு ஒரு வாசமும் வரல. ஆனா என் மூக்கை நம்பாதீங்க, நீங்க ஒருக்கா மோந்து பார்த்துட்டு அவகிட்டக் குடுங்க.

அங்கயே படிக்கட்டும். நான் கூப்பிட வர மாட்டேன். உங்களைச் சொன்ன அந்தச் சொல்லுக்கு மன்னிப்புக் கேக்க எனக்குத் தைரியம் இல்ல. கேக்கலைனு நினைச்சுக்காதீங்க.

தம்பி,
கிருபாகரன்


மொனராகலை
09.03.2025

தம்பி கிருபாவுக்கு,

இங்க எல்லாரும் சுகம். ரெண்டு கண்ணும் இப்போ தெளிவாத் தெரியுது, இனி உன் கடிதத்தை நானே வாசிப்பேன். மச்சான் தடியை ஊன்றி நடக்கிறாரு. றொஷேல் ஆறாம் வகுப்புக்குப் போறா.

நீ சொன்ன சொல்லை நான் மறக்கல. மறக்கவும் மாட்டேன் தம்பி, அது முடியாது. அதுக்காக உன்னை வேண்டாம்னு வெக்கல. உன் நம்பரைத் திறந்து விட்டிருக்கேன். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு எடு. அவ கதைப்பாளானு நான் வாக்குக் குடுக்க மாட்டேன், ஒரு தடவை குடுத்தது போதும்.

பார்சல் வந்திச்சு. நான் மோந்து பார்த்தேன், சவுக்கார வாசம்தான். அவகிட்டக் குடுத்தேன். வாங்கி, அவளும் பெட்டியை மூக்குக்கிட்ட வெச்சுப் பார்த்தா. கட்டிலுக்குக் கீழ வெச்சிருக்கா. ரெண்டு கிழமையாகுது, இன்னும் கயித்தை அவிழ்க்கல.

குளிர்ல கவனமா இரு.

அக்கா,
நேசராணி